‘விட்டுட்டு வந்தேன்’ என்பதற்கு இங்கிலீஷ்

அப்பா,

பிள்ளைகளுக்கு நீளமாகக் கடிதம் எழுதுவது அப்பாக்கள்தான். கல்யாணத்துக்கு முன்னால், இல்லையென்றால் வெளியூருக்குப் படிக்க அனுப்பும்போது, யாரை நம்பலாம், எப்படிப் பேச வேண்டும் என்று புத்தி சொல்லி எழுதுவார்கள். நம் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது. பிளஸ் டூ படிக்கிற நான் உங்களுக்கு எழுதுகிறேன். நேரில் உங்களை ‘நீ’ என்றுதான் சொல்கிறேன். பேனாவை எடுத்தால் ‘நீங்கள்’ என்று வருகிறது. அப்படியே இருக்கட்டும். இன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு அந்தத் தூரம் தேவைப்படுகிறது. நீங்களும் அம்மாவும் தூங்குகிறீர்கள். நான் சமையல்கட்டில், சிலிண்டருக்குப் பக்கத்தில், செல்போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் புரண்டு படுக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

பயம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, நம் ஆட்டோவில் வழக்கமாக வருகிற வெள்ளைக்கார ஹெலன் மேடத்தின் மகனிடம் கொடுக்கப்போகிற இங்கிலீஷ் தாளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை அவர் படித்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார் என்று எனக்குத் தோன்றுகிறது. சாயந்திரம் நீங்கள் அதை என் கையில் கொடுத்து, “பாப்பா, படிச்சி பாரு, கரெக்டா இருக்குதா?” என்று கேட்டீர்கள். நான் “கரெக்டாதான் இருக்குதுப்பா” என்றேன். அது பொய் இல்லை. இலக்கணப்படி அதில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், மேடம் நம் வண்டியில் முதலில் ஏறியதே ஒரு தப்பான இங்கிலீஷால்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் நிற்கிற ஆட்டோக்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் வேகமாகக் கிளம்பும், வேகமாகத் திரும்பும். நீங்கள் மெதுவாக ஓட்டுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஸ்டிக்கர் கடைக்காரரிடம் சொல்லி வண்டிக்குப் பின்னால் ‘ஸ்லோ டிரைவர்’ என்று ஒட்டிக்கொண்டு வந்தீர்கள். நமக்கு அது பெருமை. இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு அது, இந்த ஆள் மந்தம், ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டீர்கள் என்கிற மாதிரி. ஸ்டாண்டில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். “இன்னாண்ணா, உன் குறைய நீயே எழுதி ஒட்டிக்கினு சுத்தறே!” மேடம் மட்டும் அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்து, எனக்கு இந்த வண்டிதான் வேண்டும், எனக்கும் எங்கேயும் அவசரம் இல்லை என்று ஏறி உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து அவர் ரூமிலிருந்து எங்கே கிளம்பினாலும் நீங்கள்தான். அந்த ஸ்டிக்கரை மாற்றலாம் என்று நான் சொன்னபோது, “எதுக்கு? அது தப்பா இருந்துதான் சோறு போடுது” என்றீர்கள். தப்பு இங்கிலீஷ் ஒன்றும் செய்யாது என்று நீங்கள் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். வண்டிக்குப் பின்னால் ஒட்டியதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாள் அப்படி இல்லை அப்பா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உங்களுக்குத் தெரியாது. நான் பத்தாவது படித்தபோது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, மேடம் தங்கியிருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “இங்கியே இரு, வண்டிக்கு கேஸ் ரொப்பிக்கினு வந்துடறேன்” என்று போனீர்கள். மேடம் வெளியே வந்து அப்பா எங்கே என்று கேட்டார். இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று சொல்ல நினைத்து, நம் பேச்சில் வருகிற மாதிரியே, ‘ஹி லெஃப்ட் மீ அண்ட் வென்ட்’ என்றேன். மேடத்தின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது போனார், உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். உள்ளே கூட்டிப்போய் பிஸ்கட் கொடுத்தார். எதற்கு இவ்வளவு இரக்கம் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உங்கள் ஹாரன் கேட்டதும் அவர் ஓடிப்போய் வாசலில் உங்களைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் என்னைப் பார்த்து, “இன்னா ஜோக்கு சொன்ன மேடத்துக்கு?” என்றீர்கள். நான் சொல்லவில்லை. என் அப்பா என்னைக் கைவிட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நான் சொல்லியிருந்தேன்.

நாம் ‘விட்டேன்’ என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பொண்ணை ஸ்கூல்ல விட்டேன். அத்தையை பஸ் ஸ்டாண்டுல விட்டேன். இதெல்லாம் அக்கறையோடு செய்கிற காரியங்கள். சேர்க்க வேண்டிய இடத்தில் பத்திரமாகச் சேர்த்தேன் என்பதுதான் அர்த்தம். அதே சொல்லை வைத்துத்தான் பொண்டாட்டியை விட்டுட்டான் என்றும், நடுரோட்டில் விட்டுட்டுப் போயிட்டான் என்றும் சொல்கிறோம். தமிழில் கேட்கிறவர்களுக்குக் குரலிலேயே எது என்று தெரிந்துவிடும். அடிபட்ட ஒரு பெண்ணைப் பற்றி இங்கிலீஷில் ‘லெஃப்ட்’ என்று எழுதினால் இரண்டாவது அர்த்தம்தான் முதலில் தெரியும்.

இப்போது மேடத்துக்கு அடிபட்ட அந்தச் சாயந்திரத்துக்கு வருகிறேன். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் உள்ளே வரவில்லை. தெருக் குழாயில் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வண்டியின் பின் சீட்டைக் கழுவினீர்கள். அம்மா வாசலில் நின்று கேட்டாள். நான் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னாங்க, இந்நேரத்துல வண்டி கழுவறீங்க?”

“மேடத்துக்கு அடிபட்டுட்ச்சி. ஒருத்தன் பைக்க குறுக்க விட்டான். பிரேக் அடிச்சேன். கம்பியில மோதிக்கினாங்க. நெத்தி கிழிஞ்சிட்ச்சி.”

“ஐயையோ. இப்ப எங்க இருக்காங்க?”

“ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டேன்.”

“கூட யாருன்னா இருக்காங்களா?”

“அதெல்லாம் பாத்துப்பாங்க.”

“யாரு பாத்துப்பாங்க?”

“சொல்றேன் இல்ல? சும்மா நொய்நொய்னு கேட்டுக்கினே இருக்காத.”

நீங்கள் அம்மாவிடம் அப்படிப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் அம்மா வண்டிச் சீட்டுக்கு அடியில் பெருக்கும்போது மேடத்தின் செருப்பு ஒன்று கிடைத்தது. ஒரு கால் செருப்புதான். அதைக் கழுவிக் காயவைத்தாள். கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அவள் சொல்லும்போதே நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

இன்றைக்கு மேடம் தங்கியிருக்கிற இடத்து மேனேஜர் வந்தார். மேடத்துக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்து, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, இப்போது கண் திறந்து பேசுகிறார் என்றும், ஆட்டோவில் ஏறியது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது என்றும் சொன்னார். மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறார். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தபோது, யாரும் கூட்டிக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை, கேட்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தார், பூக்காரம்மா பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே தூக்கிப்போனோம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். நீங்கள் குறுக்கே பேசினீர்கள். “அவ்ளோ கூட்டம் சார் அங்க. யாரு வந்தா, யாரு போனான்னு அவங்களுக்கு இன்னா தெரியும்?” மேனேஜர் உங்களை நேராகப் பார்த்தார். “அண்ணா, அந்தப் பையன் கோவமா பேசி இருந்தா எனக்கு பயம் இல்ல. அமைதியா கேக்கறாரு. அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு டிரைவர் இங்கிலீஷ்ல எழுதி கையெழுத்து போட்டு குடுக்கட்டும், படிச்சிட்டு அப்பறம் ஸ்டேஷனுக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்றேன்னு சொல்றாரு. நாளைக்கு காலைல கொண்டாந்துருங்க.”

நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மாமாவிடம் போனீர்கள். அம்மாவின் தம்பி, நம் குடும்பத்துக்கு இங்கிலீஷ் என்றால் அவர்தான். என்னையும் கூட்டிப்போனது, திரும்பும்போது எனக்கு டியூஷன் இருந்ததால்தான். மாமா கம்ப்யூட்டர் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“நம்ம அடிக்கிற மனுவுல பட்டாவே மாறி இருக்குது மச்சான். இது ஒரு மேட்டரா? நீ தமிழ்ல சொல்லு, நான் அடிச்சிக்கினே போறேன்.”

நீங்கள் சொன்னீர்கள். பைக் குறுக்கே வந்தது, பிரேக் அடித்தது, மோதிக்கொண்டது எல்லாம் கோவையாகச் சொன்னீர்கள். பைக்கின் நிறம் கூடச் சொன்னீர்கள். அப்புறம் குரல் இறங்கியது. “மேடத்த ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டேன்னு போடு.” மாமா, “எந்த இடத்துல? கேட்லயா, உள்ளயா?” என்று கேட்டார். “ஆஸ்பத்திரி கேட்டுனு போடு” என்றீர்கள். மாமா அடித்தார்: ‘ஐ லெஃப்ட் மேடம் அட் தி ஹாஸ்பிடல் கேட் அண்ட் கேம் அவே.’ அதற்கு முன்னால் ‘ஐ பெக் டு சப்மிட்’ என்றும் முடிவில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்றும் போட்டார். நான் எட்டிப் பார்த்து, “மாமா, அந்த ‘லெஃப்ட்’…” என்று ஆரம்பித்தேன்.

“ஏண்டி, நான் கலெக்டருக்கே மனு அடிக்கிறவன். பிளஸ் டூ புள்ள எனக்கு சொல்லித் தர்றியா? மச்சான், இவள டாக்டருக்கு படிக்க வைக்காத, வக்கீலுக்கு படிக்க வையி!”

நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சு மாறியதில் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

மாமாவின் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். தாசில்தார் அதைப் படித்தால் ஒரு சொல்லும் உறுத்தாது. இதைப் படிக்கப்போகிறவர் தாசில்தார் இல்லை. அம்மாவின் தலையில் ரத்தத்தைக் கற்பனை செய்துகொண்டு விமானத்தில் உட்கார்ந்து வந்த ஒரு மகன். ‘பெக்’ என்ற சொல்லைப் பார்த்தால், இந்த ஆள் எதற்குக் கெஞ்சுகிறான் என்று நினைப்பார். ‘தேவையானதைச் செய்யுங்கள்’ என்று நாமே முடித்திருக்கிறோம். அவருக்குத் தேவை என்று படுவது போலீஸாக இருந்தால்? நடுவில் அந்த வாக்கியம். அடிபட்ட என் அம்மாவைக் கேட்டில் போட்டுவிட்டு இவன் போய்விட்டான், அதை இவனே எழுதிக் கொடுக்கிறான் என்றுதான் அவர் படிப்பார்.

அதனால் சரியான வாக்கியத்தை நானே எழுதிவிடலாம் என்றுதான் எல்லோரும் படுத்த பிறகு இங்கே வந்து உட்கார்ந்தேன். காலையில் இந்தத் தாளை மாற்றிவைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். முதலில் ‘டிராப்டு’ என்று எழுதினேன். ஸ்கூலில் இறக்கிவிடுவதற்கு அதைச் சொல்லலாம். அடிபட்ட வயதானவரைப் பற்றிச் சொன்னால் கீழே போட்டேன் என்றும் படிக்கலாம். அடித்துவிட்டேன். ‘அட்மிட்டட்’ என்று எழுதினேன். அது, உள்ளே போய்ப் பேர் கொடுத்துச் சேர்த்தால்தான் பொருந்தும். பேர் கொடுத்தீர்களா? எனக்குத் தெரியவில்லை. ‘ஹேண்டட் ஓவர்’ என்று எழுதினேன். ஒப்படைத்தேன் என்றால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும். நர்ஸிடமா, வாட்ச்மேனிடமா? அதுவும் தெரியவில்லை. ‘டுக் ஹெர் டு தி ஹாஸ்பிடல்’, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், இதுதான் இயல்பாக இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கிறவர் கண்டிப்பாக அடுத்த கேள்வி கேட்பார்: அதற்கப்புறம்?

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தேன் அப்பா. ஒவ்வொரு சொல்லும் என்னை ஒரு கேள்வி கேட்கிறது. ‘விட்டுட்டு வந்துட்டேன்’ மட்டும்தான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இத்தனை நாளும் நீங்கள் அம்மாவிடமும் மேனேஜரிடமும் மாமாவிடமும் அந்த ஒரே சொல்லை மாற்றாமல் சொல்லிக்கொண்டு வந்தது அதனால்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை விரட்டத்தான் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அது போகவில்லை.

எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி. சான்று முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புதுப்பிக்கவில்லை. போன மாதம் அம்மாவும் நீங்களும் பேசியது எனக்குக் கேட்டது. விபத்து என்று ஆஸ்பத்திரியில் எழுதினால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் வண்டியைப் பிடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, அவரைக் கைத்தாங்கலாகப் பெஞ்சில் உட்காரவைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, அங்கே காக்கிச் சட்டை ஒன்று தெரிந்திருந்தால்… நான் இதை நேரில் பார்த்த மாதிரி எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை. நீங்கள் உள்ளே போய் நர்ஸிடம் சொல்லியிருக்கலாம், அவர்கள் ஸ்ட்ரெச்சர் எடுத்து வருவதற்குள் கூட்டத்தில் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி விரட்டியிருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாமல் என்னால் ஒரு வாக்கியம்கூடச் சரியாக எழுத முடியவில்லை.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வயது இல்லை. ஆனால் இங்கிலீஷ் எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். பெரிய சொல்லைத் தேடக் கூடாது. யார் செய்தது, என்ன செய்தது, யாரிடம் செய்தது என்று நேராகச் சொல்ல வேண்டும். ‘கெஞ்சிச் சமர்ப்பிக்கிறேன்’ எல்லாம் வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் ‘ஐ ஆம் சாரி’ என்று கேட்டால் போதும், அதுதான் அவர்களுக்கு நிஜமாகப் படும். நடந்ததை மறைத்துவிட்டு இயல்பாக எழுதவே முடியாது. மறைக்கிற இடத்தில் வாக்கியம் கோணிக்கொள்கிறது. இன்றைக்குத்தான் இது எனக்குப் புரிந்தது.

உங்களை ஜெயிலில் போடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வண்டி போய்விட்டால் நாம் என்ன செய்வோம் என்று பயமாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்துவிடுவீர்களோ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். இருந்தாலும் நான் நினைத்தபடி தாளை ரகசியமாக மாற்றிவைக்கப் போவதில்லை. நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் பெயரில் நான் எழுதினால், அதுவும் அழகான இங்கிலீஷில் எழுதினால், அது மாமாவின் தாளைவிட மோசம்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மாமா அடித்ததில் பைக் வந்ததும் பிரேக் அடித்ததும் வரை அப்படியே எடுத்து, எளிமையாக எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இரண்டு விதமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடியில் தமிழிலும் அர்த்தம் போட்டிருக்கிறேன். முதலாவது: ‘நான் அவரை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போய் நர்ஸிடம் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் நான் கிளம்பியிருக்கக் கூடாது.’ இரண்டாவதற்கு நான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமாவின் வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டிருக்கிறேன். அப்படித்தான் நடந்தது என்றால் ‘லெஃப்ட்’தான் சரியான சொல், அதைவிடச் சரியான சொல் இங்கிலீஷில் இல்லை. அதற்குப் பின்னால் இரண்டு சின்ன வாக்கியம் மட்டும் சேர்த்திருக்கிறேன்: ‘ஐ வாஸ் அஃப்ரெய்டு. ஐ ஆம் சாரி.’

அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால், நீங்கள் பல் விளக்கப் போகும்போது இந்தக் கடிதத்தையும் அந்தத் தாளையும் உங்கள் கையில் கொடுப்பேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், ஒன்றும் பேசவும் வேண்டாம். பேனாவும் தருகிறேன். எது நடக்கவில்லையோ அதை அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். எது மிஞ்சினாலும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் உங்களோடு வண்டியில் வருகிறேன். அவர் திருப்பி ஏதாவது கேட்டால், நீங்கள் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை, சொன்னபடியே, நான் அவருக்குச் சொல்வேன்.

பாப்பா